ஜரிகைக்கு விற்பதற்கு முன்

பழைய பட்டுப்புடவைக்குக் காசு கொடுப்பவர்கள் அதை உடுத்துவதற்காக வாங்குவதில்லை. கொளுத்தி, சாம்பலிலிருந்து ஜரிகையின் வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத்திலும் பக்கத்து அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டையிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பாட்டியின் கூறைப்புடவை எடைக்குப் போகும். வந்த பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருப்பார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புடவையோடு அதன் கரையும் முந்தியும் எப்படியிருந்தன என்ற தகவலும் சேர்ந்து எரிகிறதே, அதுதான் தாங்கவில்லை.

இடைக்காலத்தில் காஞ்சியில் நெய்த பட்டு ஒரு முழம்கூட இன்று நம் கையில் இல்லை. வெக்கையும் ஈரமும் பூச்சியும் விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்துத் துணியைப் பார்க்க வேண்டுமானால் சுவரையும் விதானத்தையும்தான் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நமக்கு இன்னும் அருகில் திருப்பருத்திக்குன்றம். காஞ்சியை ஒட்டிய அந்தச் சமண ஊரின் திரைலோக்கியநாதர் கோயிலில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானம் முழுக்க ரிஷபதேவர், வர்த்தமானர், கண்ணன் கதைகள். டி.என். ராமச்சந்திரன் 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் அவற்றை விரிவாக விவரித்து வைத்தார். அந்த விதானத்தின் கீழே நிற்கும்போதெல்லாம் என் கண் கதையை விட்டுவிட்டு உடைகளுக்கே போகிறது. எத்தனை கோடு, எத்தனை கட்டம், கரைக்கு என்ன நிறம்!

ஆனால் நெசவாளி கேட்கும் கேள்விக்கு ஓவியத்தில் பதில் இல்லை. அந்தக் கரையைக் கோர்வை போட்டு, அதாவது தனி நிறக் கரையை உடலோடு கோத்து, மூன்று நாடாவில், பக்கத்தில் ஒரு கையாள் உட்கார்ந்து நெய்தார்களா? அல்லது வெறும் சாயமா? தூரிகைக்கு இரண்டும் ஒரே சிவப்புதான்.

இந்த இடத்தில் சார்லஸ் ஸ்டாதர்ட் என்ற ஆங்கில ஓவியரை நினைத்துக்கொள்வேன். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைக் கம்பளி நூலால் தைத்துச் சொல்லும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயு துணிச்சித்திரத்தை நகலெடுக்க லண்டன் தொல்பொருள் சங்கம் 1816-இல் அவரைப் பிரான்சுக்கு அனுப்பியது. நூல் உதிர்ந்துபோன இடங்களை அவர் கற்பனையால் நிரப்பவில்லை. ஊசி போன துளைகளையும் ஒட்டிக்கொண்டிருந்த நூல் துணுக்குகளையும் உற்றுப் பார்த்து, அங்கே என்ன தைத்திருந்தது என்று கண்டுபிடித்து நீர்வண்ணத்தில் வரைந்தார். பிற்பாடு அந்தத் துணியைப் பழுதுபார்த்துப் புதுநூல் ஓட்டினார்கள். எது பழைய தையல், எது புதியது என்று அறிய இன்றும் அவருடைய நகலைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். 1821-இல், டெவன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னலை நகலெடுக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். இப்படி ஒருவர் சோழர் காலத்துக் காஞ்சியில் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

அவர் ஊசித் துளையில் தேடியதை நம் ஊர் டிசைன்காரர்கள் கிராப் தாளில் எழுதியே வைத்தார்கள். நெடுக்கே பாவு, குறுக்கே ஊடை. அன்னமோ, யாளியோ, மயில்கண்ணோ, ருத்திராட்சமோ, கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவார்கள். அதை வரி வரியாகப் படித்து, தறியில் பூப்போடும் ஜக்கார்டுக்கு அட்டை குத்துவார்கள். புடவை எரிந்து போனாலும் அந்தத் தாள் இருந்தால் பூவைத் திரும்ப நெய்துவிடலாம். தஞ்சைச் சுவர் ஓவியம் தராத பூவின் கட்டக் கணக்கு அந்தத் தாளில் இருக்கிறது. ஒரு நல்ல நீர்வண்ண நகலுக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும் என்பேன். இன்று டிசைன் கணினியில் ஏறுகிறது. பழைய கிராப் தாள்களும் கோத்த அட்டைகளும் பரணில் கிடந்து, வீடு இடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன.

காஞ்சியில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தாள்களைச் சேகரித்துப் படமெடுத்து வைப்பது அவர்களுக்கு எட்டாத வேலையல்ல. தாளோடு, நெய்தவரிடம் கேட்டு இதையும் எழுத வேண்டும்: பாவில் எத்தனை இழை, எத்தனை நாடா, கோர்வை உண்டா, முந்தியை உடலோடு இணைக்கப் பிட்னி போட்டார்களா. நெய்தவர் இல்லையென்றால் தாள் இருந்தும் இதைச் சொல்ல ஆளில்லை. அதனால் முதலில் வயதானவர்களிடம் போக வேண்டும்.

வீட்டில் இருக்கும் நம்மாலும் ஆகும். புடவையை எடைக்குப் போடுவதற்கு முன், கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சாண் அகலத்தைப் பிள்ளைகளைவிட்டு வண்ணத்தில் வரையச் சொல்லுங்கள். துணியின் பின்பக்கத்தையும் வரையட்டும். கோர்வை போட்டிருந்தால் அது அங்கேதான் தெரியும்.