அணைத்துப் போட்டால் போதுமா?



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, புதுக்கோட்டை கீழராஜவீதி முதல் அறந்தாங்கி கடைத்தெரு வரை நம்மில் பலர் பேரேட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டோம். கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று, இரண்டின் கணக்கையும் சேர்த்து வைக்கும் 'சர்வர்' ஒன்று. அது மந்தமானால் சர்வீஸ் தம்பிகள் சொல்லும் ஒரே வைத்தியம், "அணைத்துப் போடுங்கண்ணே!"

அணைத்துப் போட்டால் சரியாவது உண்மைதான். சில புரோகிராம்கள் வேலைக்காக எடுக்கும் நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. காலிச் சாக்கும் அட்டைப்பெட்டியும் நடைவழியில் குவிவதைப் போல இடம் அடைபடுகிறது. அணைத்தால் எல்லாம் ஒரே நொடியில் காலியாகும். ஆனால் வழியில் போடுவது யார் என்று கேட்காவிட்டால் நாளைக்கும் குவியும்.

இதை அசட்டை செய்ததன் விலையை 1991 வளைகுடாப் போரில் பார்த்தோம். அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைச் சாதனத்தில், ஓட ஓட நேரக்கணக்கு சிறிது சிறிதாகப் பிசகியது. நெடுநேரம் தொடர்ந்து ஓட்டினால் பிழை வரும் என்று எச்சரிக்கையும் போயிற்று. ஆனால் நெடுநேரம் என்றால் எத்தனை மணி என்று சொல்லவில்லை. சவூதியின் தஹ்ரானில் 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிய சாதனம் மூன்றில் ஒரு நொடி தவறியது. பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட் ஏவுகணையை அது தடுக்கவில்லை. 28 வீரர்கள் மாண்டனர். திருத்திய புரோகிராம் மறுநாள்தான் வந்து சேர்ந்தது!

நமக்கு உயிர்ச்சேதமில்லை. ஆனால் தீபாவளிக் கூட்டத்தில் பில் நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே என் கருத்து இது. மாதம் ஒருமுறை, கடை சாத்திய பின், கணக்கை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, முறைப்படி அணைத்துப் போடுங்கள். புதிய திருத்தங்கள் அப்போது ஏறும். இயந்திரம் திரும்ப எழுகிறதா என்பதும் ஓய்வான நேரத்தில் தெரிந்துவிடும். சுவிட்சைப் பிடுங்குவது அணைப்பதாகாது, கணக்கே கெடலாம். கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். அவசியம்.

தினமும் அணைக்க வேண்டி வந்தால் அது பராமரிப்பல்ல, நோய். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வேலையின்போது நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து சர்வீஸ்காரரிடம் காட்டிக் காரணம் கேளுங்கள். சரக்கில் குறை வந்தால் காரணம் கேட்கும் நாம், இதில் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?