நீர் குறைந்தாலும் பூக்கும் செடிகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. இத்தகைய இடத்தில் வறட்சியைத் தாங்கும் செடிகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அண்மைய வரலாறே இதற்கு விடை கூறும். 1998ஆம் ஆண்டு, எல் நினோவால் ஏற்பட்ட வறட்சியின்போது இவ்வட்டார மக்கள் நீர்ப் பற்றாக்குறையால் அவதியுற்றனர். 2014ஆம் ஆண்டில் அணைக்கட்டுகளின் நீர்மட்டம் சரிந்ததால், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நீர்ப் பங்கீடு செய்யப்பட்டது. குடிநீரையே வாளிகளில் சேமித்து வைக்க வேண்டிய வேளையில் பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவது எப்படி?

ஆகவே, செடியைத் தேர்ந்தெடுப்பதும் நீர்ச் சிக்கனத்தின் ஒரு பகுதியே. இதற்குக் காகிதப்பூ சிறந்த எடுத்துக்காட்டு. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியில் வண்ண இதழ்களாகத் தோன்றுபவை உண்மையில் உருமாறிய இலைகளாகும். அவற்றின் நடுவே உள்ள சிறிய குழல்களே பூக்கள். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் இச்செடியில் இலைகள் தழைக்கும், பூக்கள் குறையும். மண் சற்றுக் காய்ந்து, வெயிலும் நன்றாகக் கிடைத்தால் கிளையெங்கும் பூத்துக் குலுங்கும். பாலைவன ரோஜாவோ பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்துக்கொள்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் கிள்ளான் தரைவீடானாலும், வெயில் படும் இடத்தில் இவற்றைத் தொட்டியிலேயே வளர்க்கலாம்.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. அடிக்கடி நீர் ஊற்றும்போது தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்குகிறது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் அதில் முட்டையிடுகின்றன. நீர் ஊற்றுவது குறைந்தால் இந்த அபாயமும் குறையும்.

எனினும், கவனமும் தேவை. புதிதாக நட்ட செடிக்கு வேரூன்றும்வரை தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். காகிதப்பூச் செடியில் முட்கள் உண்டு. பாலைவன ரோஜாவும் வறட்சியைத் தாங்கும் அரளியும் நச்சுத்தன்மை கொண்டவை. எனவே, சிறுவர்கள் விளையாடும் இடங்களில் இவற்றைத் தவிர்ப்பதே நன்று.

இக்கருத்தை ஏற்பதற்காகத் தேசிய மலரான செம்பருத்தியை ஒதுக்க வேண்டியதில்லை. கூரையிலிருந்து வழியும் மழைநீரை மூடிய தொட்டியில் சேமித்து அதற்கு ஊற்றலாம். அதிக நீர் வேண்டும் செடிகளை ஓரிடத்திலும், குறைந்த நீர் போதுமான செடிகளை வேறோரிடத்திலும் வைத்தால் நீர் வீணாகாது.

பள்ளித் தோட்டத்திற்குச் செடி வாங்கும்போது அதன் நிறத்தையும் விலையையும் மட்டும் பார்ப்பது போதாது. குழாயில் நீர் வராத நாளிலும் அச்செடி தாக்குப்பிடிக்குமா என்றும் கேட்க வேண்டும். மழை வளம் மிக்க மண்ணிலும் நீரை அளந்து செலவிடும் பழக்கம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.