கையைக் கட்டிப்போடுகிறவர்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து வருடங்கள் ஆன ஒரு பெண், கல்யாண வீட்டில் தன் பேத்தியைத் தூக்கப் போகிறார். அதற்குள் நாலு பேர் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறார்கள். “வேணாங்க்கா, அந்தக் கையில வெயிட்டே தூக்கக் கூடாது. வீங்கிடும். சும்மா உட்காருங்க.” அவரும் உட்கார்ந்துவிடுகிறார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே எத்தனை பெண்களின் தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது!

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். அது உண்மை. அதை வைத்துக்கொண்டு, பளு தூக்கினாலே கை வீங்கும் என்று எப்படித் தாவினார்கள்? ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் வாயை அடைத்தது ஒரு படகு.

1996இல் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு அணி அமைத்தார். அது உல்லாசப் படகு அல்ல. இருவர் இருவராக நெருக்கி உட்கார்ந்து, முரசின் தாளத்துக்கு இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, துடுப்பைத் தண்ணீரில் குத்தி இழுக்க வேண்டும், மறுபடி, மறுபடி. எந்தக் கைக்கு வேலையே கொடுக்காதே என்றார்களோ, அந்தக் கையால். முதலில் ஜிம்மில் படிப்படியாகப் பழக்கினார், பிறகு படகில் ஏற்றினார். முடிவில், புதிதாக ஒருவருக்கும் கை வீங்கவில்லை.

24 பேர்தானே என்பார்கள். இன்று உலகெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான அணிகள் துடுப்புப் போடுகின்றன. படகு போதாது, கணக்கு வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதிக்கு ஓராண்டு பளு தூக்கும் பயிற்சி கொடுத்தது. 2009இல் முடிவு வந்தது. தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கு வீக்கத்தின் தொல்லை திடீரென மோசமானது. தூக்காதவர்களில்? 29 சதவீதம்!

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். ரெஸ்ட் எடு என்கிற அதே வீட்டில் கிரைண்டர் மாவை வழித்துப் போடுவது யார்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவது யார்? அந்தப் பெண்தான். சமையலறையில் வீங்காத கை, படகில் வீங்காத கை, மொட்டை மாடியில் இரண்டு கிலோ டம்பெல் தூக்கினால் மட்டும் வீங்கிவிடுமா? வீட்டு வேலைக்குத் தடையில்லை. அவள் தனக்காகச் செய்கிற வேலைக்குத்தான் தடை.

கையோடு முடிகிற விஷயமும் அல்ல இது. 2025இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில், ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகள் இருந்தார்கள். ஒரு பாதிக்கு மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டம். மறு பாதிக்கு ஆரோக்கியக் கையேடு மட்டும். எட்டாண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 83.2 சதவீதம். பயிற்சிக்காரர்களுக்குத் தசைவலி, மூட்டுவலி சற்று அதிகம்தான். வலியோடு நடமாடுகிற மனிதர் வீட்டில் இருப்பது நல்லதா, சுவரில் படமாகத் தொங்குவது நல்லதா?

எங்கே தொடங்குவது, எவ்வளவு தூக்குவது, அழுத்த உறை போட வேண்டுமா, நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எதைத் தவிர்ப்பது என்பதெல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர வேண்டியவை. ஆனால் எத்தனையோ டிஸ்சார்ஜ் சீட்டுகளில் மாத்திரைக்கு இடமிருக்கிறது, சத்துமாவுக்கு இடமிருக்கிறது, பயிற்சிக்கு ஒரு வரி இல்லை. “நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா” என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்புகிறார்கள். அந்த 24 பெண்கள் துடுப்புப் பிடித்து முப்பது வருடம் ஆகப்போகிறது, இல்லை, ஆகியே விட்டது. இனியாவது கீமோ தேதி குறிக்கிற நாளிலேயே பிசியோதெரபிக்கும் தேதி குறித்துக் கொடுங்கள்.