பொட்டனின் கேள்வியை விழுங்கியவர்கள்

'கடவுளின் சொந்த நாடு' என்று கேரளத்துக்கு 1980களின் கடைசியில் பேர் வைத்தார்கள். ஊர் சுற்ற வருகிறவர்களைக் கூப்பிடுவதற்கான விளம்பர வாசகம் அது. கூடவே ரெண்டு முகங்களை ஒட்டுகிறார்கள். ஒன்று கதகளியின் பச்சை முகம். இன்னொன்று தெய்யத்தின் செக்கச்செவேலென்ற முகம். ரெண்டையும் 'மலையாளிப் பண்பாடு' என்று ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். நான் கேட்கிறேன்: இந்த ரெண்டு முகமும் ஒரே தெருவிலிருந்தா வந்தது?

கதகளி, கொட்டாரக்கரைத் தம்புரானின் ராமனாட்டத்திலிருந்து வளர்ந்தது. அரண்மனையும் நம்பூதிரி மனைகளும் சோறு போட்டன. அந்தச் சோறு குறைந்தபோது 1930இல் வள்ளத்தோள் நாராயண மேனன் கலாமண்டலம் தொடங்கிக் காப்பாற்றினார். இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஆசிரியர் உண்டு, சம்பளம் உண்டு, பட்டம் உண்டு.

தெய்யம் கட்டுகிறவன் யார்? கண்ணூர், காசர்கோடு பக்கத்து வண்ணான், மலையன், வேலன், புலையன், மாவிலன். பட்டியல் சாதிக்காரன், பழங்குடி. எந்தக் காவில் எந்தக் குடும்பம் கட்ட வேண்டும் என்பது பிறப்பாலேயே எழுதி வைத்த உரிமை. அதுவே தப்பிக்க முடியாத கடமையும்கூட. சிறக்கலில் நாட்டார் கலை அகாதமி வந்தது 1995இல். கலாமண்டலத்துக்கு 65 வருஷம் பிந்தி. அதுக்குப் பேர் கலை, இதுக்குப் பேர் நாட்டார் கலை. பேர் வைக்கும்போதே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

'தெய்யம் சாதியைத் தலைகீழாக்குகிறது. அன்றைக்குத் தீண்டப்படாதவன் தெய்வம். நாயரும் நம்பியாரும் அவன் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள்' என்று பெருமையடிக்கிறவர்களுக்கு நாம் ஒன்று சொல்ல வேண்டும். சரிய்யா, மறுநாள்? முடியைக் கழற்றி, முகத்துச் சாயத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்ததும் அவன் யார்? கும்பிட்டவனின் வயலில் கூலிக்குப் போனவன்தானே? 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைக் கேரளம் முழுமைக்குமான விடுதலை மாதிரி பேசுகிறார்கள். அது திருவிதாங்கூருக்கு மட்டும். தெய்யத்தின் மண்ணான வடமலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே எல்லாக் கோயில் கதவுகளையும் திறக்கச் சட்டம் வந்தது 1947இல். அதுவரை சாமியாக ஆடியவன், அந்தப் பெரிய கோயிலின் சாமியைப் பார்க்க முடியாமல் வெளியே நின்றான். ஒரு நாள் கும்பிடு, வருஷம் முழுக்கத் தீட்டு. இதைத் தலைகீழ் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஆனால் தெய்யத்துக்குள் நம்ம சனங்களின் குரல் இருக்கிறது. அதைத்தான் பறிகொடுக்கக் கூடாது. பொட்டன் தெய்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையனும் புலையனும் கட்டுவது. சங்கராச்சாரியார் வழியில் போகிறார். எதிரே வந்த புலையனை விலகிப் போகச் சொல்கிறார். புலையன் விலகவில்லை, எதிர்க்கேள்வி கேட்கிறான். உன் ரத்தமும் என் ரத்தமும் வேறு வேறா? பிறகு எதற்கு என்னை விலகச் சொல்கிறாய்? பெரிய ஞானிக்குப் பதில் இல்லை.

பார்ப்பனியம் என்ன செய்தது? கேட்டது புலையன் இல்லை, புலையன் வேஷத்தில் வந்த சிவபெருமான் என்று கதையை முடித்தது. நம்ம ஆளுக்கு அத்தனை அறிவு இருக்க முடியாதாம்! கேள்வியைச் சிவனுக்குக் கொடுத்துவிட்டு, கேட்டவனுக்குப் 'பொட்டன்' என்று பேர் கொடுத்தார்கள். மலையாளத்தில் செவிடன், மடையன் என்று அர்த்தம். இது முதல் கொள்ளை.

சுற்றுலா நடத்துவது ரெண்டாவது கொள்ளை. ஒரு விடுதியில் நானே பார்த்தேன். நீச்சல் குளத்து ஓரமாகப் பதினைந்து நிமிஷத் தெய்யம். தெய்யத்தின் பிறப்பையும் சாவையும் சொல்கிற தோற்றம் பாட்டு கிடையாது. பாட்டை எடுத்தால் கதை போச்சு. கதை போனால் கேள்வி போச்சு. மிஞ்சினது குருத்தோலையும் சாயமும் சுற்றிச் சுற்றி ஆடுகிற கறுத்த உடம்பும்தான். பக்கத்தில் நின்று படம் எடுத்தவர்களில் ஒருவர்கூட ஆடியவர் பெயரைக் கேட்கவில்லை. பொட்டன் கனல் குவியலில் சாய்ந்து படுத்துக் குளிருகிறது என்று சொல்வான். அந்தச் சூட்டில் வெந்த தோல் எந்தப் படத்திலும் தெரியாது.

'அதனால்தான் காவை விட்டுத் தெய்யம் வெளியே போகக் கூடாது' என்று புனிதம் பேசிக்கொண்டு சிலர் வருவார்கள். அவர்களோடும் நாம் நிற்க முடியாது. காவின் புனிதத்துக்காக அழுகிறவர்கள் கட்டுகிறவனின் கூலிக்காக அழுது நான் பார்த்ததில்லை. எங்கே ஆடுவது, எதை ஆடுவது, என்ன விலை என்று சொல்ல வேண்டியவன் ஆடுகிறவன். கமிட்டியும் இல்லை, விடுதி முதலாளியும் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நம்மவர் மோகினியாட்டம் ஆட வந்தால்? ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் தலித் கலைஞர். 2024 மார்ச்சில் ஒரு நடன ஆசிரியை, காக்கை நிறத்து ஆண்கள் மோகினியாட்டம் ஆடக் கூடாது என்று பேட்டியில் பேசினார். யாரைச் சொன்னார் என்று நாட்டுக்கே புரிந்தது. தெய்யத்தில் விலைக்குப் போகிற அதே கறுப்பு, மோகினியாட்டத்தில் மட்டும் அவலட்சணமா? ராமகிருஷ்ணன் ஒதுங்கிப் போகவில்லை. 2025இல் கலாமண்டலத்திலேயே பரதநாட்டிய ஆசிரியராக நுழைந்தார்.

தோழர்களே, கேரளம் போனால் தெய்யம் பாருங்கள். முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தோற்றத்தைக் கேளுங்கள். கட்டுகிறவரின் பெயரைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள். மாணவர்கள் அந்தப் பாட்டுகளை, பாடுகிறவர் பெயரோடு எழுதி வையுங்கள். சிவனிடமிருந்தும் விடுதிக்காரனிடமிருந்தும் அந்தக் கேள்வியைப் பிடுங்கிப் புலையனிடமே திருப்பித் தர வேண்டியிருக்கிறது. இது கடவுளின் சொந்த நாடு என்றால், அந்தக் கடவுளைத் தன் உடம்பில் சுமந்தவனுக்கு இதில் எத்தனை சென்ட் நிலம் சொந்தம்?