எந்தப் பெட்டி முனகுகிறது?
பாபநாசம் சோதனைச்சாவடி தாண்டி, சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஏறும் பழைய ஜீப் ஊளையிட்டால், “கியர்பாக்ஸ் போச்சு” என்றுதான் முதலில் வாயில் வரும். கைதேர்ந்த மெக்கானிக்கோ ஸ்பேனருக்கு முன் காதைத் தீட்டுகிறார். நியூட்ரலில் எஞ்சின் ஓட, கிளட்சை மிதித்ததும் சத்தம் அடங்கினால், கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங்மேல் சந்தேகம். அடுத்து, நின்ற இடத்திலேயே முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் தள்ளி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கிறார். ஊளை தொடர்ந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ், மறைந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸோ அதற்கும் பின்னாலோ. சில வேளை பழுதே இருக்காது. ஃபோர்வீல் டிரைவை விடுவிக்க மறந்து காய்ந்த தார்ச்சாலை வளைவில் திரும்பும்போது, முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள, நடுவில் சிக்கிய பல்சக்கரங்கள் முறுகி முனகும். லீவரை டூவீலுக்குத் தள்ளிக் கொஞ்சம் பின்னால் எடுத்தாலே வண்டி வாயை மூடிக்கொள்ளும். செலவு ஒரு டீ.