கை தட்டாதீர்கள்!

வேடந்தாங்கலுக்குப் போய் இருக்கிறீர்களா? இல்லை என்றால், வருகிற மார்கழி, தை மாதத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். சென்னையில் இருந்து சுமார் 75 கிலோ மீட்டர்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சென்ற தை மாதத்தில் நாங்கள் 4 குடும்பத்தார் சேர்ந்து போனோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக 17 பேர். ஒரு வேன், இரண்டு தூக்கு புளியோதரை, ஒரே ஒரு பைனாகுலர்! மாலை 4 மணிக்கு ஏரிக்கரையில் நின்றோம்.

ஏரி பெரியது அல்ல. சுமார் 74 ஏக்கர்தான். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மரத்தில் இலையைவிடப் பறவைதான் அதிகமாகத் தெரிந்தது. கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன் என்று எத்தனையோ வகை! கரண்டி போன்ற மூக்குடன் நின்ற பறவையைப் பார்த்து ஒரு சிறுமி, “இது எங்கள் வீட்டு ரசக் கரண்டி!” என்றாள். அதன் பெயரே கரண்டிவாயன்தான்.

நத்தைகுத்தி நாரைக்கு அலகு முழுவதும் மூடுவது இல்லை. நடுவில் ஓர் இடைவெளி. “பாவம், வாய் கோணலா மாமா?” என்று ஒரு பையன் கேட்டான். கோணல் அல்ல. ஓட்டில் இருந்து நத்தையை உருவி எடுப்பதற்கென்றே அமைந்த அலகு அது. வயலில் இறங்கி நத்தைகளைத் தின்று தீர்க்கிறது.

இவை எல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவைதான் இமயமலைக்கு அப்பால் இருந்து பறந்து வருகின்றன. மரத்தில் கூடு கட்டுகிற நாரைகளும் கொக்குகளும் நம் நாட்டுப் பறவைகளே.

இப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒரு காரியம் செய்தார். பறவைகள் பறப்பதைப் போட்டோ எடுக்க ஆசைப்பட்டு, ஓங்கிக் கை தட்டினார்! கரையோர மரத்தில் இருந்த பறவைகள் ‘குப்’ என்று எழுந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டு மகிழ்ந்தார்கள்.

அருகே நின்ற கிராமத்து அம்மாள் ஒருவர் கோபமாக, “ஏன் சார், உங்கள் வீட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இப்படித்தான் தட்டுவீர்களா?” என்று கேட்டார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்களும்தான்.

தாய் எழுந்தால் கூட்டில் முட்டை தனியாகக் கிடக்கும். காக்கை அதற்காகவே காத்து இருக்கிறது.

அந்த அம்மாள் கோபப்பட்டதில் வியப்பு இல்லை. அது அந்த ஊரின் பழைய கோபம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டார்கள். 1798-ம் ஆண்டில் பறவைகளைச் சுடக்கூடாது என்று பாதுகாப்பு கிடைத்தது. வேடன் பெயரைத் தாங்கிய ஊர், வேட்டையை நிறுத்தியது!

ஊராருக்கு இதில் லாபமும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைகிறது. அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. காசு இல்லாமல் உரம்!

1998-ம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2020-ம் ஆண்டில் இதை 3 கிலோ மீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்தது. பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. 2022-ம் ஆண்டில் உலகின் முக்கியமான நீர்நிலைகளைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இந்த ஏரி இடம்பெற்றது.

நம் கருத்து இதுதான்: ஒரு அடிகூடக் குறைக்கக் கூடாது. ஏரி பறவைகளுக்குப் படுக்கை அறை. சமையல் அறை சுற்றி உள்ள ஏரிகளும் வயல்களும். சமையல் அறையை இடித்துவிட்டு, படுக்கை அறைக்குக் காவல் போட்டு என்ன பயன்? அதே சமயம், அந்த எல்லைக்குள் பயிர் செய்கிறவர்களின் கஷ்டத்தையும் அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதுவரை காவல் காத்தவர்கள் அவர்கள் அல்லவா?

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கேயும் பறவைகள் வருகின்றன. அவை மிரளும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பது இல்லை. மத்தாப்பை மறந்த பிள்ளைகள் இருக்கும் நாட்டில், பட்டணத்தில் இருந்து போகிற நாம் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க முடியாதா? பாட்டுப் பெட்டி வேண்டாம். பளபளக்கும் சட்டை வேண்டாம். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்துவாருங்கள்.

மாலை 5½ மணிக்கு மேல், இரை தேடப் போன பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்பின. வானமே அசைவது போல் இருந்தது. போட்டோ எடுக்க அதுதான் நல்ல நேரம். ஆனால் நண்பரால் எடுக்க முடியவில்லை. அவருடைய 6 வயது மகள், அப்பா மறுபடியும் தட்டிவிடுவாரோ என்று அவர் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்!