டேஞ்சர் லைட் எரியலைன்னா டேஞ்சர் யாருக்கு?

இந்த வாரம் கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் ஓம்ஸ் லா. பயப்படாதீங்க, எக்ஸாம் இல்லை!

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். ராத்திரி ஏழரை மணி இருக்கும். நண்பன் பைக்கை ஓட்ட, நான் பின்னாடி. கறம்பக்குடி ரோட்டுல போய்க்கிட்டு இருந்தோம். எதிர்ல ஒரு பஸ், ஹைபீம்ல கண்ணைப் பறிச்சுட்டுப் போச்சு. அடுத்த ரெண்டு செகண்ட் ஒண்ணுமே தெரியலை. தெரிஞ்சப்போ மூக்குக்கு முன்னாடி ஒரு வைக்கோல் மலை! டிராக்டர் டிரெய்லர். பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது.

நண்பன் பிரேக்கை அமுக்க, பைக் சறுக்க, ரெண்டு பேரும் ரோட்டோரப் பள்ளத்துல. எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவனுக்குக் காறை எலும்புல விரிசல். இன்னும் பத்தடி தள்ளி பிரேக் போட்டிருந்தா இந்தப் பக்கத்துல வேற யாராவதுதான் எழுதிக்கிட்டு இருப்பாங்க.

கோபத்தோட எழுந்திரிச்சுப் போய் டிராக்டர்காரரைப் பார்த்தா... எங்க சித்தப்பா!

"என்னடா தம்பி, லைட்டு போட்டுக்கிட்டுத்தானேடா வந்தேன்! முன்னாடி ரெண்டும் எரியுது பாரு"ங்கிறார் பாவமா. அவர் பொய் சொல்லலை. முன்னாடி எரியறதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். பின்னாடி எரியற டேஞ்சர் லைட்டை ஓட்டுறவர் பார்க்கவே முடியாது. அது அவருக்கான லைட்டே இல்லை. பின்னாடி வர்ற முகம் தெரியாத யாருக்கோ. அதனாலதான் மாசக்கணக்குல எரியலைன்னாலும் யாருக்கும் தெரியறதில்லை.

மறுநாள் காலையில களத்துமேட்டுல ஆபரேஷன் ஆரம்பம். டீம்: சித்தப்பா, பக்கத்து ஊர் வயரிங் அண்ணன், நான், கையில தூளி கட்டின நண்பன். (சார் இ.இ.இ. ரெண்டாவது வருஷம். அரியர் எத்தனைன்னு கேட்கக் கூடாது!)

ஏழு ஓட்டை ரகசியம்

டிராக்டருக்குப் பின்னாடி வட்டமா ஒரு சாக்கெட் இருக்கும், பார்த்திருக்கீங்களா? உள்ளே ஏழு பின். ஐ.எஸ்.ஓ. 1724-ங்கிற சர்வதேச தரப்படி 12 வோல்ட் வண்டிக்கு வரிசை இதுதான்: 1 இடது இண்டிகேட்டர், 2 பின்பக்க ஃபாக் லைட், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டேஞ்சர் லைட், 6 பிரேக் லைட், 7 இடது டேஞ்சர் லைட். ஒயருக்கும் தனித்தனி கலர் உண்டு. ஆனா நம்ம ஊர்ல கையில கிடைச்ச ஒயரை இழுத்திருப்பாங்க. அதனால கலரை நம்பாதீங்க, பின் நம்பரை நம்புங்க.

எங்ககிட்ட இருந்த கருவி என்ன தெரியுமா? ஒரு 12 வோல்ட் பல்பு, ஹோல்டர், ரெண்டு ஒயர், ஒரு கிளிப். இதுதான் டெஸ்ட் லேம்ப். கிளிப்பை டிராக்டர் பேட்டரி மைனஸ்ல மாட்டி, இன்னொரு முனையால சாக்கெட்டுல ஒவ்வொரு பின்னா தொட்டார் அண்ணன். சுவிட்சைப் போட்டதும் 5, 7 ரெண்டுலயும் பல்பு பளிச்! டிராக்டர் பக்கம் கரன்ட் வருது. அப்போ கோளாறு பெட்டியிலதான்.

குற்றவாளி யாரு?

"பல்பு போயிருக்கும்"னான் நண்பன். கழட்டிப் பார்த்தோம். 21/5 வாட் பல்பு, உள்ளே ரெண்டு இழை: 5 வாட் டேஞ்சருக்கு, 21 வாட் பிரேக்குக்கு. ரெண்டும் முழுசா இருக்கு. அண்ணன் சிரிச்சார். ஒரு நீள ஒயரை எடுத்து, பேட்டரி மைனஸையும் பின்னாடி இருக்கிற லைட்டோட இரும்பு பாடியையும் இணைச்சார். ரெண்டு லைட்டும் ஜெகஜோதி!

"எர்த்துப்பா. பத்து டிரெய்லர் வந்தா பாதிக்கு மேல இதான்"னார்.

வண்டியில எர்த்துன்னா வீட்டு எர்த் மாதிரி மண்ணுக்குப் போறதில்லை. பல்புக்குப் போன கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வர்ற வழி. சித்தப்பா வண்டியில மூணாம் நம்பர் ஒயர் எப்பவோ அறுந்திருக்கு. டிரெய்லரை மாட்டுற பின் வழியாத்தான் கரன்ட் திரும்பிக்கிட்டு இருந்திருக்கு. அந்தப் பின்ல கிரீஸ், துரு, மண்ணு எல்லாம் உண்டு. நின்னா எரியும், குலுங்கினா அணையும்!

இங்கேதான் நம்ம இ.இ.இ. சார் விழிச்சுக்கிட்டார். பிரேக் லைட் ரெண்டும் சேர்ந்து 42 வாட். 12 வோல்ட்டுக்கு மூணரை ஆம்பியர். அப்படின்னா பல்புகளோட மொத்த ரெசிஸ்டன்ஸ் சுமார் மூணரை ஓம்தான். எர்த் ஜாயின்ட்ல துரு ஒரே ஒரு ஓம் சேர்த்தாலே பல்புக்குப் போறது ஒன்பது வோல்ட் சொச்சம். வெளிச்சம் பாதிகூட வராது! கிளாஸ்ல தூங்கின ஓம்ஸ் லா அன்னிக்கு எலும்பு வலியோட புரிஞ்சுது அவனுக்கு.

புது எர்த் ஒயர் இழுத்து, சேஸிஸ்ல உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சு, போல்ட் வெச்சு முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். வேலை முடிஞ்சுது.

உங்க நோட்டுக்கு

* இண்டிகேட்டர் போட்டா டேஞ்சர் லைட்டும் சேர்ந்து மினுக்குதா? எர்த் கோளாறு. திரும்பிப் போக வழி இல்லாத கரன்ட் பக்கத்து இழை வழியா சுத்திப் போகுது.
* ஒரு லைட் மட்டும் எரியலையா? முதல்ல பல்பு, அப்புறம் ஹோல்டர்ல துரு.
* இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிக்குதா? அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும், இல்லை வாட் குறைவான பல்பு போட்டிருப்பாங்க.
* எதுவுமே எரியலையா? ஃபியூஸைப் பாருங்க. மாத்தின ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனா, எங்கேயோ ஒயர் தோல் உரிஞ்சு இரும்புல உரசுது. ஃபியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பி, சிகரெட் பேப்பர் எல்லாம் வைக்காதீங்க சாமி... வைக்கோல் வண்டி தீப்பிடிக்க அது போதும்!
* மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து நண்பர்களே, கடல் உப்புக்காத்து ஜாயின்ட்டை சீக்கிரம் அரிச்சுடும். அடிக்கடி பாருங்க.

லைட் ரெடி ஆயாச்சு. வைக்கோலை ஏத்தினதும் என்ன ஆச்சு? லைட்டை மூடிடுச்சு! அதனால லைட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி, ஒரு பட்டையில மாட்டினோம். கூடவே சிவப்பு ரிஃப்ளெக்டர். அதுக்கு ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பின்னாடி வர்ற வண்டியோட வெளிச்சத்தை அவன் கண்ணுக்கே திருப்பி அனுப்பிடும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னாடி சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர் ரெண்டையுமே கட்டாயம்னு சொல்லுது. நம்ம ஊர்ல ரிப்பேராகி நிக்கிற வண்டிக்குப் பின்னாடி மரக்கிளையும் கல்லும் வைக்கிறதோட சரி. கிளை ராத்திரியில தெரியாது. வண்டி போனப்புறமும் கல்லு அங்கேயே கிடக்கும்!

இப்பல்லாம் சித்தப்பா சாயங்காலம் வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, "டேய், யாராச்சும் பின்னாடி நில்லுங்கடா"ன்னு சத்தம் போடுறாராம். பிரேக்கை மிதிச்சுட்டு, "எரியுதா?"ன்னு கேட்டுட்டுத்தான் கிளம்புறார்.

உங்க வீட்டுலயும் டிராக்டரோ, டாடா ஏஸோ, அப்பாவோட டி.வி.எஸ். ஐம்பதோ இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பிரேக்கை மிதிங்க, ஒருத்தர் பின்னாடி போய் நில்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை. அந்த ரோட்டுல ராத்திரி பின்னாடி வரப்போறவனை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் நண்பனையும் சித்தப்பாவுக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். பை!